வள்ளித்தாயும் காற்றாலையும்

ஆய்க்குடியில் சுந்தரபாண்டியன் வீடு என்றால் ஒரு மதிப்பு உண்டு. காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அவர் முதுகை வளைத்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் முன்னால் அன்று காலையில் பக்கத்து வீட்டு யோகலட்சுமி ஒரு வெள்ளைப் பந்தை நீட்டினாள்.

"அண்ணாச்சி, இது எங்க இட்லி மாவுக்குள்ள கெடந்துச்சு. நேத்து ஒண்ணு கூரையில விழுந்துச்சு. நாளைக்கு யார் தலையிலயோ!"

சுந்தரபாண்டியன் திரும்பிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் தம்பி மகள் வள்ளித்தாய் கோல்ஃப் மட்டையோடு நின்றாள். பட்டாளத்தில் இருக்கும் அவள் அப்பா விடுமுறைக்கு வந்தபோது கொடுத்த மட்டை அது.

"ஏட்டி, நம்ம வீட்டு மானம் ஊர்க் கூரையில எல்லாம் போய் விழுது. சாயங்காலம் என் கண்ணு முன்னால ஒரு பந்தை நேரா அடிச்சுக் காட்டு. இல்லன்னா மட்டை பரணுக்குப் போயிரும்."

"சரி, பெரியப்பா" என்றாள் வள்ளித்தாய்.

ஊருக்கு வெளியே, காற்றாலை நிற்கும் தரிசு நிலத்துக்குத் தம்பி இசக்கிராஜாவோடு போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தாள். மண் பறந்தது. பந்து முள்செடிக்குள் ஓடியது.

"அக்கா, நீ பந்து அடிக்கியா, பாம்பு அடிக்கியா?"

"போலே!"

பந்தை எடுத்து வைத்து மறுபடி அடித்தாள். மட்டை பந்தைத் தொடவே இல்லை. அவள்தான் சுற்றிக்கொண்டு கீழே விழுந்தாள்.

விழுந்தபடியே அண்ணாந்து பார்த்தாள்.

மேகம் விலகி வெயில் விழுந்தது. தூரத்தில் குற்றால மலை மேல் அருவி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அவள் தலைக்கு மேல், தென்னை மரங்களை எல்லாம் குட்டையாக்கிக்கொண்டு, காற்றாலை வானத்தில் நின்றது. அதன் இறக்கை ஒன்று மெல்ல மேலே ஏறி, மெல்லக் கீழே இறங்கியது. 'ஹூ...ம்' என்று காற்று அதிர்ந்தது. பெரிய நிழல் ஒன்று புல்லைத் தடவி, அவள் மேல் ஏறி, இறங்கிப் போனது. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இவ்வளவு பெரியது. துளி அவசரம் இல்லை!

அப்பா சொல்லிக்கொடுத்த பயிற்சி நினைவுக்கு வந்தது. 'பந்தை மறந்துரு. காலைச் சேத்து வச்சு, மெதுவா வீசிப் பழகு. புல்லை உரசுற சத்தம் ஒரே மாதிரி கேக்கணும்.' சின்னப் பிள்ளை விளையாட்டு என்று அவள் ஒருநாளும் அதைச் செய்து பார்க்கவில்லை.

"ஏலே, பந்தை உன் சட்டைப் பையில போடு. நான் கேக்காம தராத."

கால்களைச் சேர்த்து நின்றாள். இறக்கை ஏறும்போது மட்டையைப் பின்னால் கொண்டுபோனாள். இறங்கும்போது மட்டையையும் இறக்கினாள். முதலில் தடுமாறினாள். பிறகு புல் 'சரக்' என்றது. மறுபடியும் அதே 'சரக்'.

சிரித்துக்கொண்டிருந்த இசக்கிராஜா கொட்டாவி விட்டான். "பந்து வேண்டாமாக்கா?"

"இன்னும் வேண்டாம்."

பொழுது சாயும் நேரத்தில், கைத்தடியைச் சுழற்றாமல் நேராகப் பிடித்தபடி பெரியப்பா வந்தார். இறக்கையோடு சேர்ந்து அவள் மட்டை வீசுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ம், அடி."

வள்ளித்தாய் பந்தை வாங்கி வைத்தாள். இறக்கையைப் பார்க்க நிமிர்ந்தாள். திக்கென்றது.

காற்று நின்றுவிட்டது. இறக்கைகள் அசையவே இல்லை!

"அக்கா, காத்தாடி நின்னுட்டு!" என்று இசக்கிராஜா முணுமுணுத்தான்.

மட்டையை இறுக்கிப் பிடித்து ஓங்கிவிடக் கை துடித்தது. அவள் கண்ணை மூடினாள். உள்ளே அந்த இறக்கை இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஹூ...ம். கண்ணைத் திறந்தாள். மட்டை ஏறியது, இறங்கியது.

'டக்!'

பந்து நேராக எழுந்தது. மலையையும் அருவியையும் நோக்கிப் பறந்து, வெள்ளைப் புள்ளியாகி, தூரத்துப் புல்லில் மெல்ல இறங்கியது.

பெரியப்பா மீசையைத் தடவினார். "மட்டை உங்கிட்டயே இருக்கட்டும். யோகலட்சுமி வீட்டுப் பக்கம் பாத்து மட்டும் நிக்காத."

மலையிலிருந்து காற்று மறுபடி வந்தது. பிள்ளைகள் பந்தை எடுக்க ஓடினார்கள். பாதி தூரத்தில் இசக்கிராஜா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தான்.

"அங்கன பாரு!"

யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், பெரியப்பா கால்களைச் சேர்த்து வைத்து, இறக்கையை அண்ணாந்து பார்த்தபடி, கைத்தடியை மெல்ல, மிக மெல்ல வீசிக்கொண்டிருந்தார்.