அடைத்த வாயில்

அவர் மூச்சுவாங்க நிறுத்திய இடத்தில் கூட்டம் சிரித்தது. சிரிக்கும்படி அவர் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

வழிகாட்டி சட்டைக் காலரில் செருகியிருந்த மைக்கைத் தடவிப் பார்த்தார். பழைய நகரைச் சுற்றிப் பார்க்கப் பேருந்தில் வந்த பதினெட்டுப் பேரின் காதிலும் ஹெட்செட் இருந்தது; அவர் முணுமுணுத்தாலும் அவர்களுக்குக் கேட்கும். காலையில் மணிக்கூண்டு, பின்னர் அருங்காட்சியகம், கல்பாலம், இறுதியாகக் கோட்டையின் இந்த நிலத்தடி வழி. மணமான பின் முதன்முறையாக அவர் மகளும் மாமனார் மாமியாரோடு வந்திருந்தாள்.

"உங்க பேச்சுக்கே தனியா டிக்கெட் போடலாம் சம்பந்தி!" என்று பாலத்தில் மாமனார் சொன்னபோது மகளின் முகம் மலர்ந்ததை அவர் கண்டிருந்தார். அந்த மலர்ச்சி வாடாமல் இன்றைய பொழுது கழிந்தால் போதும்.

சுண்ணாம்பும் பாசியும் நெடுநாள் தேங்கிய நீரும் கலந்த வாடை படிதோறும் கனத்து, வெளியே எரிந்துகொண்டிருந்த நண்பகல் ஒரு வெண்புள்ளியாய்ச் சுருங்கி, கூரையிலிருந்து சொட்டும் துளியொன்று எங்கோ விழுந்துகொண்டிருக்க, அவர்கள் செங்கல் வைத்து அடைக்கப்பட்ட அந்தச் சிறு வாயிலின் முன் நின்றனர்.

"இதுக்குப் பின்னாடி ஒருத்தி இருக்கா" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "தண்ணி சுமக்கிறவ. பகல்ல குடம், ராத்திரியில காதலன். அவனுக்காக எதிரிக்கே கதவைத் திறந்துவிட்டா. தளபதி சும்மா விடுவாரா? உயிரோட வெச்சு அடைச்சுட்டாரு. வீட்டம்மாக்கள் என்னை முறைக்காதீங்க, சரித்திரம் அப்படி!"

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

அது சரித்திரம் அன்று. அருங்காட்சியகத்துப் பழைய ஏட்டில் அவரே படித்திருந்தார்: முற்றுகையின் நாற்பது நாளும் காயம்பட்டோர்க்கு நீர் சுமந்தவள் அவள், எதிரி புகுந்துவிடுவான் என்ற அச்சத்தில், அவள் உள்ளே இருப்பதைப் பாராமலே வாயிலை அடைத்துவிட்டனர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அதைத்தான் சொன்னார். கேட்டவர்கள் கைக்கடிகாரம் பார்த்தார்கள். அடுத்த மாதம் அவளுக்கு ஒரு காதலனைக் கொடுத்தார். பதினோராண்டுகளாய், நாளொன்றுக்கு மும்முறை, அவளை அவள் சுவரின் முன்னேயே இழிவுசெய்து கைதட்டல் பெற்றார். நாவைத் தந்தவன் அதை எதற்குத் தந்தேன் என்று கேட்டால் சொல்வதற்கு அவரிடம் விடையில்லை. வழிபடும்போதுகூட அவன் கண்ணை ஏறிட்டு நோக்க அவருக்குக் கூசும்.

அவர் பேச்சை நிறுத்தினார்.

அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

தலைகள் மெல்ல அசைந்தன. ஒருவர் "ஐயோ" என்றார். வழிகாட்டி மைக்கின் விசையை அழுத்தினார். பச்சை விளக்கு அணைந்தது. தலைகள் அசைந்தன. அவர் மைக்கைப் பிடுங்கித் தரையில் போட்டார்.

தலைகள் அசைந்தன.

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். ஒவ்வொருவராய்ப் பார்த்தார்கள். சம்பந்தி மட்டும் பார்க்கவில்லை, குனிந்துகொண்டார். அதுதான் அதிகமாகச் சுட்டது.

"என்னம்மா கேக்குது?" என்றார் மகளிடம்.

"நீங்கதானேப்பா பேசுறீங்க." அவள் ஓரடி பின்வாங்கினாள். "தெரிஞ்சேவாப்பா? எல்லாம் தெரிஞ்சேவா?"

தன் ஹெட்செட்டைக் கழற்றி, எட்ட நின்றபடியே கை நீட்டிக் கொடுத்தாள். அவர் காதில் வைத்தார்.

அவருடைய குரல். அவர் ஒருநாளும் பேசியிராத நிதானத்தில்.

"அஞ்சு நாள் தட்டினா. ஆறாம் நாள் சத்தம் நின்னுபோச்சு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்களைச் சிரிக்க வெச்சேன். இன்னும் இருக்கு, கேளுங்க."

ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும். இந்தக் குரல் சொல்லுமுன், தன் வாயாலேயே, மகளிடம். வாயெடுத்தார்.

உதடுகள் பிரியவில்லை.

குளிர். ஈரம். கீழுதட்டின்மேல் ஒன்று. மேலுதட்டின்மேல் மூன்று. நீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். நகமில்லை. நுனிகள் எலும்புவரை தேய்ந்திருந்தன.

அவருக்குப் பின்னால் சுவர் மட்டுமே இருந்தது.

காதுக்குள் அவர் குரல் பேசிக்கொண்டே போயிற்று. பதினெட்டுப் பேரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றனர். மகளும் பார்த்தாள். அதை விலக்க அவள் ஓரடியும் எடுத்துவைக்கவில்லை.