எதிர்க்கரையில் கேட்ட குரல்

எதிரொலி ஒரு சொல்லைக் கூடுதலாகச் சொன்னது.

படகிலிருந்த மற்றவர்கள் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஏரியின் நடுவில் எஞ்சினை நிறுத்திவிட்டு, வழிகாட்டிப் பெண் சிம்ரன் எதிர்க்கரையைப் பார்த்துக் கூவச் சொன்னாள். ஏனாத்தூர்க் கல்லூரிப் பெண்கள் கைகளைக் குவித்து "ஹோ" என்று கத்தினார்கள். ஒரு கணம் கழித்து அதே "ஹோ" தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு திரும்பி வந்தது. ஓரிக்கையிலிருந்து மனைவியோடு வந்திருந்த பெரியவர் தன் பெயரையே கூப்பிட்டுப் பார்த்துச் சிரித்தார். பெயர் திரும்பி வந்தது. பின்னாலேயே சிரிப்பும் வந்தது.

பிறகு ஏலவார்குழலியின் கணவன் கலைவாணன் வாயைத் திறந்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே. இடது கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு, கோணிய உதட்டைக் கூட்டிச் சேர்த்து, "அது… அது வந்து…" என்றான். பக்கவாதம் அவனுக்கு விட்டுவைத்திருந்த பேச்சு அவ்வளவுதான்.

எதிர்க்கரை சற்று யோசித்ததுபோல் இருந்தது. பிறகு, "அது வந்து, குழலி," என்றது.

அவன் குரல்தான். விழுவதற்கு முன்னால் இருந்த குரல்.

குழலி சுற்றிலும் பார்த்தாள். கல்லூரிப் பெண்கள் தங்களைத் தாங்களே படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவரின் மனைவி புடவையில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப இன்னா கேட்டுச்சுமா?" என்று சிம்ரனிடம் மெல்லக் கேட்டாள்.

"சாரோட வாய்ஸ்தான்கா. சூப்பரா திரும்பி வந்துச்சுல்ல?" சிம்ரன் சிரித்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கரகரத்த மைக்கை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி எஞ்சினை இழுத்தாள்.

கலைவாணன் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கேட்டிருக்கிறது என்று குழலிக்குத் தோன்றியது. அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை. தன் பொருளை வேறொருவர் கையில் பார்த்த மனிதனின் முகம்போல் இருந்தது.

காஞ்சிபுரத்தில் அந்தக் குரலைத் தெரியாதவர்கள் குறைவு. ஆடி மாதம் பட்டுக்கடைகளுக்காக ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ராஜ வீதியெல்லாம் சுற்றியவன் அவன். கருட சேவை அன்று கூட்டத்தில் காணாமல்போன பிள்ளைகளைப் பந்தலில் உட்கார வைத்துக்கொண்டு, "மஞ்சள் சட்டை போட்ட பையன் இங்கே அழாமல் இருக்கிறான், அம்மா பயப்படாமல் வரவும்" என்று அவன் சொன்னால், அழுதுகொண்டிருக்கும் பிள்ளையே அழுகையை நிறுத்திவிட்டு அவன் வாயைப் பார்க்கும். வீட்டிலும் அப்படித்தான். குளிக்கும்போது பேச்சு, சாப்பிடும்போது பேச்சு, தூக்கத்தில்கூடப் பேச்சு. தை மாதம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் சுவரைப் பிடித்தபடி சரிந்தான். வலது பக்கம் போனது. பேச்சும் போனது. கரண்டியைக் காட்டி "கரண்டி சொல்லுங்க" என்று குழலி சொல்லிக்கொடுப்பாள். "அது… அது வந்து…" என்று சொல்லி, முடியாமல் அழுவான். மத்தியானம் அவன் தூங்கிய பிறகு, அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் இருக்கும் அவனுடைய பழைய அறிவிப்புகளைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் தேவிப்ரியாதான் இந்தப் பயணத்துக்குப் பதிவு செய்தாள். "வீட்டுக்குள்ளயே இருந்தா ரெண்டு பேருக்கும் பைத்தியம் புடிச்சிடும்மா. அப்பாவ வெளிய கூட்டிக்கினு போ," என்றாள். தென்னேரி தாண்டி உள்ளே ஓர் ஏரி. படகுச் சவாரி, அக்கரையில் சின்னதாக ஒரு காட்டு நடை, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். யாரோ தனியார் ஆள்கள் சில வருடங்களுக்கு முன் அந்தக் கரையில் மரங்களை நெருக்கி நட்டு, மேலே குழாய் கட்டித் தண்ணீர் தூவி வளர்த்திருந்தார்கள். பலகையில் 'மழைக்காடு' என்று எழுதியிருந்தது. காஞ்சிபுரத்து வெயிலில் மழைக்காடா என்று ஊரே சிரித்தது. ஆனால் படகு கிட்டே போகப்போக அந்தப் பச்சை, கறுப்பாக மாறிக்கொண்டு வந்தது. தறியில் ஏற்றிய பாவு நூல்போல மரத்துக்கு மரம் இடைவெளியே இல்லை. கார்த்திகை மாதம் ஏரி நிறைந்திருந்தும், அந்தக் கரையில் மட்டும் ஒரு கொக்குகூட இல்லை.

மரப்பலகைத் துறையில் இறங்கினார்கள். மிதவைச் சட்டைகளைக் கழற்றிப் படகிலேயே வைக்கச் சொன்னாள் சிம்ரன்.

"ஒரே வழிதான். சுத்திக்கினு வந்தா இதே எடத்துக்கு வந்துடலாம். உள்ள போனதும் யாரும் பேசக்கூடாது, போன் பார்க்கக்கூடாது. காடு என்னா பேசுதுன்னு மட்டும் கேளுங்க. இதான் இந்த டூரோட ஸ்பெஷல்."

"அவருக்கு நடக்க முடியுமாமா? நான் வேணா இங்கயே…" என்றாள் குழலி.

கலைவாணன் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தான்.

பாதை ஓராள் போகும் அகலம். முன்னால் சிம்ரன், பிறகு மாணவிகள், பெரியவரும் மனைவியும், கடைசியில் குழலி. கையைப் பின்னால் நீட்டி, கணவனின் இடது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மேலே குழாய்கள் சீறுவதும், இலையிலிருந்து இலைக்குத் தண்ணீர் சொட்டுவதும், நனைந்த சருகின் அழுகல் வாடையும், எங்கோ ஒரு மூங்கில் இன்னொன்றோடு உரசிக் கிறீச்சிடுவதும், எல்லாவற்றுக்கும் அடியில் அவன் வலது கால் மண்ணில் இழுபட்டு வரும் ஓசையும். சர்ர், தொப். சர்ர், தொப். வீட்டில் ராத்திரியெல்லாம் கேட்டுப் பழகிய ஓசை. அதைக் கேட்டால் எரிச்சல் வரும். எரிச்சல் வந்ததற்காக அழுகை வரும். இங்கே அது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்த ஓசையாக இருந்தது.

ஒரு வளைவில் புடவை முள்ளில் மாட்டியது. கையை விட்டுவிட்டுக் குனிந்து, இரண்டு கையாலும் முந்தானையை விடுவித்தாள். நிமிர்ந்தபோது முன்னால் போனவர்கள் மரங்களுக்குள் மறைந்திருந்தார்கள். அவசரமாகக் கையைப் பின்னால் நீட்டினாள். கை வந்து அதில் சேர்ந்தது. ஈரமாக இருந்தது. எல்லாமே ஈரமாகத்தான் இருந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கால் இழுபடும் ஓசை இல்லை.

"குழலி."

அவள் நின்றாள்.

"மெதுவா போ, குழலி. எதுக்கு இப்புடி ஓடுற? படகு நம்மள உட்டுட்டா போய்டும்?"

தை மாதத்துக்குப் பிறகு அவள் பெயரை அவன் சொன்னதில்லை. திரும்பினாள். கலைவாணன்தான். காலையில் அவளே பொத்தான் போட்டுவிட்ட சட்டை. உதட்டின் கோணல் நேராகியிருந்தது. கண்ணில் பழைய குறும்பு. முதுகு நிமிர்ந்திருந்தது.

"ஏங்க… பேசுறீங்க."

"பேசாம? பொறந்ததுலேர்ந்து பேசிக்கினுதானே கெடக்குறேன்," என்று சிரித்தான்.

அவன் மார்பில் முகத்தைப் புதைத்து அழுதாள். எத்தனை வேண்டுதல், எத்தனை கரண்டி, எத்தனை மத்தியானம். அவன் தலையைத் தடவிக்கொடுத்தான். பேசிக்கொண்டே தடவினான். தேவிப்ரியாவுக்குப் போன் போடலாம் என்றான், நாளைக்கே ஆட்டோவை எடுக்கணும் என்றான், வீட்டுக்குப் போனதும் சூடாக ரசம் வை என்றான். சொல்லுக்குச் சொல் அவன்தான்.

மார்பில் காது வைத்திருந்த குழலிக்கு அந்தப் பேச்சு எல்லாம் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. மூச்சு ஏறி இறங்கவில்லை. துடிப்பு இல்லை. குடத்துக்குள் யாரோ பேசுவதுபோல் குரல் மட்டும் அதிர்ந்தது.

மெல்ல முகத்தை விலக்கினாள். மேலிருந்து ஒரு சொட்டு அவன் திறந்த கண்ணின் மேல் விழுந்தது. கண் இமைக்கவில்லை. தண்ணீர் விழியின் மேலேயே வழிந்து இறங்கியது. அவள் கையைப் பற்றியிருந்தது அவனுடைய வலது கை. ஐந்து விரலும் இறுக மூடியிருந்தன. கிட்டத்தில் ஒரு வாடை அடித்தது. நாள்கணக்கில் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் வாடை.

அப்போது பின்னால், வளைவுக்கு அந்தப் பக்கம், சருகு அசைந்தது.

சர்ர். தொப்.

சர்ர். தொப்.

"அது…" ஒரு குரல். திணறும் குரல். "அது… அது வந்து…"

குழலி வாயைத் திறந்தாள். அந்த வலது கை இறுகியது.

"அது கெடக்குது உடு," என்றான் எதிரில் நின்றவன். அன்பாகத்தான் சொன்னான். "அதுக்குப் பேச வராது. நான் பேசுறேன்ல? மத்தியானத்துல கதவச் சாத்திக்கினு நீ கேக்குறது எந்தக் குரல, குழலி? சொல்லு."

அவள் வளைவுப் பக்கம் கழுத்தைத் திருப்பினாள்.

சர்ர். தொப். கிட்டே வந்துவிட்டது. இலைகளுக்கு நடுவே சட்டையின் ஓரம் தெரிந்தது. அதே சட்டை. ஒரு கை மரத்தைப் பிடித்தது. இடது கை.

போய்ப் பிடிக்க வேண்டும். இரண்டு எட்டு வைத்தால் போதும்.

"வா," என்றது குரல். அந்தக் குரல். பந்தலில் பிள்ளைகளை அழாமல் வைத்த குரல். "பயப்படாம வா."

அவள் கால்கள் அந்தக் குரலோடு நடந்தன.

துறையில் வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. எல்லோரும் படகில் ஏறி மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் பலகையிலிருந்து லேசாகத் தாவிப் படகில் கால் வைத்தான். சிம்ரன் அவன் காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"சார் நல்லா நடக்குறாரே!"

"உங்க காட்டுக் காத்து ஒத்துக்கிச்சுமா," என்றான். மாணவிகள் சிரித்தார்கள். பெரியவர் கைதட்டினார்.

சிம்ரன் மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்தவள் கையில் பிடித்தபடி நின்றாள். காட்டின் வாயை ஒருமுறை பார்த்துவிட்டு, குழலியிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அக்கா, நீங்கதான கடைசி? பின்னாடி யாரும் இல்லையே?"

கேட்டது. இங்கேயும் கேட்டது. மிக மெல்லியதாக. சர்ர்.

பக்கத்தில் உட்கார்ந்தவன் முதன்முறையாகப் பேச்சை நிறுத்தியிருந்தான். பேச்சு நின்றதும் ஏரி முழுவதும் வெறுமையானது. வீட்டின் மத்தியானங்கள் எல்லாம் அந்த வெறுமையில் வந்து நின்றன. இனி வரப்போகும் மத்தியானங்களும்.

"யாரும் இல்லமா," என்றாள் குழலி.

தன் வாயிலிருந்து அது வந்ததை அவளே கேட்டாள்.

கயிறு படகுக்குள் விழுந்தது. எஞ்சின் உறுமியது. பக்கத்தில் பேச்சு மறுபடி தொடங்கியது. கருட சேவைக் கூட்டத்தில் ஒரு பாட்டியைத் தொலைத்துவிட்டு அழுத போலீஸ்காரன் கதை. படகிலிருந்த எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். சிம்ரன்கூடத் திரும்பினாள்.

குழலி மட்டும் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரங்களிலிருந்து கலைவாணன் வெளியே வந்தான்.

சுவரைப் பிடித்து நடப்பதுபோல் காற்றைப் பிடித்து நடந்தான். துறையின் விளிம்புக்கு வந்தான். படகைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தான். அவன் வாய் திறந்தது. எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நிறுத்தச் சொல்ல வேண்டும். இப்போதே. கையைத் தூக்கப் பார்த்தாள். அந்த வலது கை அதை மடியோடு அழுத்திப் பிடித்திருந்தது.

கலைவாணன் துறையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கினான்.

முழங்கால். இடுப்பு. வலது காலை இழுத்து இழுத்து, படகை நோக்கி. மார்பு. தண்ணீருக்கு மேலே அவன் இடது கை நீண்டிருந்தது, பாதையில் அவள் பிடித்துக்கொண்டு வந்த அதே உயரத்தில். கழுத்து. திறந்த வாய்க்குள் ஏரி போனது. கண்கள் அவளை விட்டு நகரவில்லை.

படகில் எல்லோரும் சிரித்தார்கள். கதை முடிந்திருந்தது.

அவள் கணவனின் குரலில் பேசிக்கொண்டிருந்த அது, பேச்சை நிறுத்தாமலே கரைப்பக்கம் திரும்பி, ஊருக்குப் போகிற விருந்தாளி வாசலில் நிற்பவர்களுக்கு ஆட்டுவதுபோல், தண்ணீரின் மேல் இன்னும் நீண்டிருந்த அந்தக் கையைப் பார்த்துத் தன் கையை ஆட்டியது.