பதின்மூன்றாவது ஆள்

சார்ஜென்ட் அந்தப் பழைய பாசறைக் கூடத்துக்குள் நுழைந்தபோது மணி மூன்றரைதான். ஆனாலும் மழை இருட்டிக்கொண்டு பெய்தது. உள்ளே ஈரச் சுண்ணாம்பும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த வாடை. துப்பாக்கிகளை எடுத்துப்போய் இருபது வருஷமாகிறது. வாடைக்கு மட்டும் இன்னும் மாற்றல் உத்தரவு வரவில்லை.

அவருக்குப் பின்னால் ஒட்டகத்தின் தங்கை தயங்கித் தயங்கி வந்தாள். செத்த சிப்பாய்களின் பேரை வாசிக்கும் இந்த நாளில் அவளை வருஷா வருஷம் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

மேசைக்குப் பின்னாலிருந்த எழுத்தர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல எழுந்தார். "இவங்க எதுக்கு? பட்டியல்ல பன்னெண்டு பேர்தான். ஓடிப்போனவனுக்கு இங்க என்ன வேலை?"

"அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன். நீ உள்ள வாம்மா."

ஒட்டகம் என்பது பட்டப்பெயர். வரிசையில் அவன் கழுத்து மட்டும் தனியாகத் தெரியும். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்பு, பின்வாங்கும்போது, பாலத்தைத் தகர்ப்பதற்கு முன் சார்ஜென்ட் இருட்டில் ஆட்களைப் பேர் சொல்லி எண்ணினார். ஒட்டகத்தின் பேருக்கும் "உள்ளேன்" என்று பதில் வந்தது. கணக்கு சரி. பாலம் போனது. விடிந்து பார்த்தால் ஒட்டகம் இல்லை.

பிந்தி வரும் நண்பனுக்காக இன்னொருவன் குரல் கொடுப்பது படையில் புதிதல்ல. ஆனால் நான்தான் சொன்னேன் என்று எவனும் ஒப்புக்கொள்ளவில்லை. 'ஓடிப்போனான்' என்று மேலதிகாரி எழுதினார். அவன் அக்கரையில் மாட்டிக்கொண்டான் என்று தெரிந்தும் சார்ஜென்ட் பயந்து கையெழுத்துப் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த அந்தக் கையை நினைத்தால் அவருக்கு இன்றும் வெட்கமாக இருக்கும். ஓடுகாலியைப் பெற்றவள் என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே ஒட்டகத்தின் அம்மா செத்துப்போனாள்.

அவர் பட்டியலை விரித்தார். செத்தவன் பேரை வாசித்ததும், அவனுக்குப் பதிலாக உயிரோடிருப்பவர்கள் குதிகாலைத் தரையில் அடிப்பார்கள். பட்டப்பெயரைத்தான் வாசிப்பார்கள். அதுதான் அவர்களுடைய வழக்கம். அந்தப் பிரிவில் இப்போது மிச்சம் சார்ஜென்ட் ஒருவர்தான்.

"கொட்டாவி!"

குதிகாலை அடித்தார்.

"தாளம்!"

மறுபடி அடித்தார்.

மூன்றாவது பேருக்கு, அவர் காலைத் தூக்குவதற்கு முன்பே சத்தம் கேட்டது.

"யாரது?" என்றார் எழுத்தர்.

யாரும் இல்லை.

சார்ஜென்ட் வாசித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு காலடி கூடியது. பன்னிரண்டாவது பேருக்குச் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அவருக்குப் பயம்தான். ஆனால் பயந்து ஒருமுறை கையெழுத்துப் போட்டது போதும் என்று நினைத்துக்கொண்டார்.

"பட்டியல் முடிஞ்சுது சார்ஜென்ட். இதுக்கு மேல வாசிச்சா இனிமே இந்த வாசல்லயே கால் வைக்க முடியாது."

"முடிஞ்சா நிறுத்துங்க."

அவர் நிமிர்ந்து நின்றார்.

"ஒட்டகம்!"

மழைச் சத்தம்கூட இல்லை.

"உள்ளேன்."

அன்று பாலத்தருகே கேட்ட அதே குரல். அன்றைக்கு அவனுக்காக யாரும் பொய் சொல்லவில்லை. அக்கரையில் விழுந்து செத்த பிறகு அவனே வந்து வரிசையில் நின்றிருக்கிறான்.

"அண்ணன்தான்..." தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எழுதுங்க," என்றார் சார்ஜென்ட். "பதிமூணாவது பேர்."

எழுத்தர் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் ஒடுங்கினார். "அப்படி ஒரு ஆளே இதுல இல்ல. என்னால எழுத முடியாது."

இருட்டிலிருந்து அந்தக் குரல் இப்போது சார்ஜென்டின் பேரை அழைத்தது.

"உள்ளேன்டா!" கூடமே அதிரக் கத்தினார். "நான் கையெழுத்துப் போட்டது பொய். நீ ஓடலை. எவன் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்!"

பன்னிரண்டு குதிகால்களும் ஒரே சமயத்தில் தரையில் இறங்கின.

பிறகு அந்தக் குரல் இன்னொரு பேரை அழைத்தது. எழுத்தரை அவருடைய அம்மா மட்டும் கூப்பிட்ட செல்லப்பெயர் அது. அவள் போன பிறகு அதை யாருமே சொன்னதில்லை.

எழுத்தர் பதிவேட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

மறுபடி அழைத்தது. இந்தமுறை அவர் நாற்காலிக்குப் பின்னாலிருந்து.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"உங்களைத்தான் அண்ணன் கூப்பிடுறாரு சார். பதில் சொல்லுங்க."