ஆணியில் தொங்கிய சிவப்புத் துண்டு

பிரிஞ்சாங் ஊருக்கு மேலே மலையில் உள்ள தேயிலைத் தோட்டத்துக்கு நாங்கள் குடிவந்தது ஒரு சனிக்கிழமை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையில் கடைசி வீடு. ஒரே அறை, ஒரே கட்டில். கதவுக்குப் பின்னால் யாரோ விட்டுப்போன சிவப்புத் துண்டு கிடந்தது. துவைத்தால் ஆகும் என்று எடுத்துவைத்தேன். எதையும் வீணாக்க எனக்கு மனம் வராது. அந்தப் புத்திதான் வினையாகிப் போனது.

என் கணவர் யோகேஸுக்குப் பாக்டரியில் இரவு வேலை. எனக்குப் பகலில் கொழுந்து வெட்டும் வேலை. ஆக, கட்டிலில் பகலெல்லாம் அவர், இரவெல்லாம் நான். இந்த லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரவு வேலைக்காரர் உறங்கும்போது வாசல் ஆணியில் சிவப்புத் துண்டு தொங்கும். அதைப் பார்த்தால் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். பிள்ளைகள்கூடச் சத்தமில்லாமல் கடந்துபோவார்கள். நான் அந்தப் பழைய துண்டையே மாட்டினேன்.

இரண்டே வாரத்தில் மனிதர் பாதியாகிவிட்டார். ஒன்பது மணிநேரம் படுத்து எழுந்தாலும் கண் கோவைப்பழமாக இருந்தது. உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே உப்பு எங்கே என்று கேட்டார். ஒரு நாள் கொழுந்து உருட்டும் மெஷினுக்குள் கை போகப் பார்த்திருக்கிறது. பக்கத்தில் நின்றவர் இழுத்ததால் தப்பினார்.

கிளினிக்கில் நர்ஸ் பட்டென்று சொன்னார்.

"தூக்கம் பத்தலன்னா மூளை நம்மகிட்ட பெர்மிசன் கேக்காதுலா. கண்ணு தொறந்தே இருக்கும், உள்ள ரெண்டு மூணு செகண்டு தூங்கிரும். அப்ப கை மெஷின்ல இருந்தா?"

அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் யோகேஸ் கிசுகிசுத்தார். "நான் எங்க தூங்குறேன், சுபா? படுத்தா பக்கத்துல யாரோ வந்து படுக்குறான். என் தூக்கத்த அவன்தான் தூங்குறான்."

"வாய மூடுங்க," என்றேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

மறுநாள் மதியமே வேலையைப் பாதியில் விட்டு வந்தேன். மூடுபனியில் எதிர்வீடு தெரியவில்லை. கதவில் காதை வைத்தேன்.

குறட்டை.

அப்பாடா என்றிருந்தது. பிறகுதான் கவனித்தேன். குறட்டைக்கு நடுவே ஒருவர் புரண்டு புரண்டு பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அது யோகேஸ்.

குறட்டை அவருடையதல்ல.

கதவிடுக்கில் வாடிய கொழுந்தின் நெடி வந்தது.

மகள் வீட்டிலிருந்து அன்றுதான் திரும்பிய பக்கத்து வீட்டு ஜெயாக்கா, துண்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது நாகப்பண்ணனோடதுடி. உனக்கு முன்ன இங்க இருந்தவரு. ஆள் பத்தலன்னு மூணு ஷிப்டு சேத்துப் பாத்தாரு. தீவாளி லீவு விட்டதும் வந்து துண்ட மாட்டிட்டுப் படுத்தாரு. துண்டு தொங்குதேன்னு நாங்க யாரும் தட்டல. மூணு நாள் தட்டலடி." அக்கா அழுதுவிட்டார்.

எனக்குப் பயத்தைவிட ஆத்திரம் அதிகம். யாரும் எழுப்பவில்லை என்றால் நான் எழுப்புகிறேன். துண்டைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தேன். இரண்டு கையாலும் கதவை இடித்தேன்.

"நாகப்பண்ணே! தூங்குனது போதும். எந்திரிங்க!"

குறட்டை நின்றது.

கட்டில் கிறீச்சிட்டது. கதவு திறந்தது. ஈரமும் கொழுந்து நெடியும் என் தோளை உரசிக்கொண்டு போயின. உள்ளே யோகேஸ் வாயைத் திறந்துபோட்டு உறங்கிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்றிலிருந்து அவர் நன்றாகத் தூங்குகிறார். முகத்தில் களை வந்துவிட்டது. வேறு வீடு கேட்டிருக்கிறோம்; காலி இல்லையாம்.

நேற்றுக் காலை மலைச்சரிவின் விளிம்பில், ஒரு கால் வெளியே தொங்க நின்றிருந்தேன். அங்கே எப்படிப் போனேன் என்று நினைவில்லை. கண் திறந்துதான் இருந்தது.

"ஏன் கண்ணு இப்படிச் செவந்திருக்கு? ராத்திரி தூங்கலியா?" என்றார் யோகேஸ்.

பகலில் படுத்த நாகப்பண்ணனை எழுப்பிவிட்டது நான்தானே. இப்போது அவர் இரவில் வருகிறார். நான் படுத்ததும் பக்கத்தில் மெத்தை அமுங்குகிறது. விடியும்வரை குறட்டை.

யாராவது வந்து கதவைத் தட்டமாட்டார்களா என்று காத்துக்கிடக்கிறேன். தட்டக் கை வரவில்லை என்கிறார் ஜெயாக்கா. இரவானால் எங்கள் வாசல் ஆணியில் சிவப்புத் துண்டு தொங்குகிறதாம். 

நான் மாட்டவில்லை.