பக்கத்து வளவுப் பிள்ளைகள்

வதனிக்கு விடியற்காலையிலிருந்தே குனிந்து சமைத்ததில் நாரி கழன்று விழுகிறமாதிரி வலித்தது. கழுவிய நண்டும், துருவிய தேங்காயும், அம்மியில் அரைத்த கூட்டும் எல்லாம் கறியாகி அடுப்பிலே ஆறிக்கொண்டிருக்க, இன்றைக்கு வந்த வெள்ளைக்காரியும் பக்கத்து வளவுக்குள்தான் நுழைந்தாள். வதனி கிடுகு வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றாள். தர்சினியின் வாசலில் அந்தப் பெண் முழங்காலை மடித்துக் குனிந்து, கைப்பையிலிருந்து இரண்டு டொபியை எடுத்துச் சிரித்தபடி நீட்டினாள். நீட்டிய கைக்கு முன்னால் ஒருவரும் இல்லை. கையை எடுத்தபோது டொபியும் இல்லை.

சண்டை முடிந்த அடுத்த வருடம் அது. செட்டிபாளையத்துக்கு வெளிநாட்டார் வரத் தொடங்கியிருந்தார்கள். பழுகாமத்து வினோஜன் அவர்களை ஆட்டோவில் ஏற்றி வந்து, வாவியில் தோணிச் சவாரி, வயல் வட்டைக்குள் நடை, ஒரு வீட்டில் மத்தியானச் சாப்பாடு என்று விருப்பமானதைத் தெரிவு செய்யச் சொல்வான். சாப்பாட்டுக்கு இரண்டே வீடு: ஒன்று வதனியுடையது, மற்றது தர்சினியுடையது. புருசனைச் சண்டையில் பறிகொடுத்த வதனிக்கு இதை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. ஆனால் கிழமைக்கணக்காய் அவள் படியில் ஒரு செருப்பும் கழலவில்லை.

வினோஜனை வளவு வாசல் கடப்படியில் மறித்தாள்.

"என்னடா மகன், என்ட கறியில மண்ணா கிடக்கு?"

"கறியில ஒண்டுமில்ல மாமி. வாற சனமெல்லாம் அங்கதான் போகோணும் எண்டு நிக்குது. அந்த வீட்டுப் புள்ளையள் ரெண்டும் நல்ல வடிவாம். இண்டைக்கு வந்தவ ஸ்பெயின்ல ஏதோ பழைய நகரத்துக்கும் போயிருக்காவாம். அங்க எத்தனையோ பேர் சுத்திக்காட்டினவங்களாம், ஒரு வீட்டிலயும் புள்ளையள் கையப் புடிச்சுக் கூட்டிப்போய்ப் பாயில இருத்தினதில்லையாம்."

"நீ கண்டயா அதுகள?"

"நான் எங்க கண்ட? ஆட்டோக்குள்ளயே கிடக்கன்."

அவன் வாவிக்கு அந்தப் பக்கத்துப் பையன். அவனுக்குத் தெரியாது. தர்சினியின் இரண்டு பிள்ளைகளையும் சுனாமி கொண்டுபோய் ஆறு வருடம் ஆகப்போகிறது. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

வதனிக்கு வர வேண்டியது பயம். வந்தது எரிச்சல். கோயில் கோயிலாய் நேர்ந்தும் அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. இவளுக்கென்றால் செத்த பிள்ளைகளும் வீடு திரும்பி, வந்தவர்களை உபசரித்து, பிழைப்பும் பார்த்துக் கொடுக்கின்றன.

மறுநாளிலிருந்து வேலிப்பொட்டே கதியென்று கிடந்தாள். விளக்கு வைக்கிற நேரம் தர்சினி உள்வீட்டில் இரண்டு வாழையிலை போட்டு, சோறும் பொரித்த மீனும் வைத்து, வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள். செத்தவர்களுக்கு வைக்கிற மடை. ஊர் வருடத்துக்கு ஒருதரம் வைப்பதை இவள் தினமும் வைக்கிறாள். இவ்வளவுதானா?

அடுத்த நாள் பொழுது படுகையில் வதனியும் இரண்டு இலை போட்டாள். தர்சினி வைத்ததைவிடப் பெரிய மீன். நெய். சீனி தூவிய வாழைப்பழம். கதவை அகலத் திறந்தாள். பிள்ளைகளின் பெயர்கள் நாக்கு நுனிவரை வந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

"வாங்க," என்றாள் மெல்ல. "பசியோட நிக்காம வந்து சாப்பிடுங்க."

முதலில் வாவிக் காற்று நின்றது. அது நின்றதும் தவளைச் சத்தமும், தூரத்தில் யாரோ தோணி தள்ளுவதும், அடுப்பில் ஈர விறகு சீறுவதும் ஒவ்வொன்றாய் அடங்கிப்போக, உப்பும் சேறும் நாட்பட்ட ஈரத்துணியும் கலந்த மணமொன்று வாசலால் தவழ்ந்து வந்து அடுப்படிக் குசினிவரை நிறைந்தது. சிமெந்து நிலத்தில் சின்னக் கால் ஒன்று ஈரமாய்ப் பதிந்தது. பக்கத்தில் இன்னொரு சின்னக் கால். வதனி சந்தோசத்தில் இலைகளை இன்னும் முன்னால் தள்ளினாள். தர்சினியை விட்டுவிட்டுத் தன்னிடம் வந்துவிட்டார்கள்.

அடுத்த கால் பதிந்தது. அது பெரியது.

பிறகு இன்னொன்று. பிறகு நிலம் முழுக்க.

இலையில் சோறு குறைந்தது. மீன் முள்ளானது. இலையே இல்லாமல் போனது. சோற்றுப் பானையின் மூடி நகர்ந்தது.

வேலிக்கு அப்பால் தர்சினியின் குரல் கேட்டது.

"அக்கா, என்ட புள்ளையள் பயந்துபோய் என்ட சீலைக்குள்ள ஒளிக்குதுகள். அங்க ஆரைக் கூப்பிட்டநீங்க?"

வதனி வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"பேர் சொல்லித்தானே கூப்பிட்டநீங்க?"

வதனி எந்தப் பெயரும் சொல்லியிருக்கவில்லை. மறுகா அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம். தாழ்ப்பாள்.

வதனி திரும்பினாள். இப்போது தெரிந்தார்கள். அறை முழுக்க. முற்றம் முழுக்க. கடப்படி தாண்டி, ஒழுங்கை நெடுக, கடற்கரைவரை பந்திக்குக் குந்துவதுபோல் வரிசை வரிசையாய்க் குந்தியிருந்தார்கள். தலைமயிரில் பாசி. சிலர் நனைந்திருக்கவில்லை, அவர்கள் மேலில் சாம்பலும் காய்ந்த செம்மண்ணும். அவர்கள் கடலால் செத்தவர்கள் இல்லை. எல்லாருடைய வலது கையும் ஏந்தியிருந்தது. முன்னாலிருந்த கிழவர் காலிப் பானையை அவள் பக்கம் மெதுவாய்த் தள்ளினார்.

கூப்பிட்டவள் அவள். அத்தனை பேருக்கும் அவள் ஒரு நேரச் சோறு கடன்பட்டுவிட்டாள்.