வாட்டும் மாடியில் சிவக்காத இலை

காலை மணி ஏழு. ரப்பர் விலை விழுந்ததும் தேயிலைக்கு மாறியிருந்த புக்கிட் செராய்த் தோட்டம். ஆலை மாடியில், கொழுந்தை இரவெல்லாம் பரப்பி வாட்டும் சாக்கு விரிப்பின் மேல் கங்காணி பக்கிரிசாமி செத்துக் கிடந்தார். கழுத்தில் ஒரு கூடைக் கயிறு இறுகியிருந்தது. கொழுந்து பறிக்கும் காளியம்மாவின் கூடைக் கயிறு அது.

சுங்கை பட்டாணியிலிருந்து போலீஸ் சார்ஜன் பரஞ்சோதி வருவதற்குள், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அலுவலகத்தில் கிடந்த விலங்கை அவளுக்கு மாட்டி வைத்திருந்தார். அவ்வளவு அவசரம் அந்த மனிதருக்கு!

"நான் கொல்லலங்க ஐயா! லயத்து வீட்டுல கைப்புள்ள கெடக்கு. என்னய தூக்குல போட்டா அதுக்கு யாரு?"

பரஞ்சோதி பிணத்தைத் தொட்டார். கட்டையாக விறைத்திருந்தது. நேற்று மாலையே போன உயிர். மாடிக் காவல்காரன் மணியத்திடம் திரும்பினார்.

"கடைசியா மேல வந்தது யாரு?"

"காளியம்மாதான். கொழுந்து எடய கொறச்சு எழுதுனாருன்னு கங்காணியோட சண்ட. அது எறங்குனதும் பூட்டிட்டேன். இருட்டிடுச்சு, கங்காணியும் எறங்கிட்டாருன்னு நெனச்சு உள்ள பாக்கல லா. காலையிலதான் தொறந்தேன்."

"சாவி?"

"எங்கிட்ட மட்டுந்தான்."

"பொணத்த தொட்டியா?"

"ஐயோ, தொடலங்க!"

பரஞ்சோதி கீழே போய் மற்றவர்களையும் விசாரித்துவிட்டு வந்தார். வாசலோரம் அவருடைய பூட்ஸ் மிதித்திருந்த கொழுந்து அதற்குள் செம்பு நிறமாகியிருந்தது. அதையே சற்று நேரம் பார்த்தார்.

"பொணத்த தூக்குங்க."

அடியில் கொழுந்து பச்சைப் பசேலென்று இருந்தது.

"மணியம், நசுங்குன எல என்னாவும்?"

"செவந்துடும்..."

"கங்காணி துடிச்சு செத்த எடத்துல ஒரு எலகூட செவக்கல. பொணத்த பொரட்டி, செவந்தத அள்ளிப்போட்டு, நல்ல கொழுந்த பரப்புனது யாரு? பூட்டு தொறக்க உன்னாலதான முடியும்!"

மணியம் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நான் தேயிலத் தூள திருடி வெளிய விக்கிறத கங்காணி பாத்துட்டாருங்க. தொரகிட்ட சொல்லுவேன்னாரு. காளியம்மா விட்டுட்டுப் போன கயிறு கைல கெடச்சிச்சு..."

"அப்புறம் எலய ஏன்டா மாத்துன?"

"செவந்தது கலந்தா சரக்கு கெட்டுப்போவும், தொர வெளாசிடுவாரு. தெனம் காலையில பொறுக்குற கைங்க... தானா பொறுக்கிடுச்சு."

பரஞ்சோதிக்குக் கோபம் தலைக்கேறியது. கிராணியின் கையிலிருந்து விலங்குச் சாவியை வெடுக்கென்று பிடுங்கினார்.

விலங்கு கழன்றதும் காளியம்மா யாரையும் பார்க்காமல் லயத்துப் பக்கம் ஓட்டமாய் ஓடினாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.