ஒல்லி சைக்கிள்

செல்வமாரிக்கு வயிறு வெடித்துவிடும்போல இருந்தது. தன் டப்பாவிலிருந்த புளிச்சோற்றை இப்போதுதான் முடித்திருந்தாள். மடியில் இன்னொரு டப்பா திறந்து கிடந்தது. அதிலும் புளிச்சோறு. ஓரத்தில் அவித்த முட்டை.

“சீக்கிரம் தின்னுட்டி. மணி அடிச்சிருவாவ” என்றாள் அக்கா யோகலட்சுமி.

“முடியலக்கா. முட்டைய மட்டுமாவது நீ தின்னேன்.”

“எனக்குப் பசிக்கல.”

பொய். அக்காவின் கண் முட்டை மேலேயே இருந்தது. செல்வமாரி அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அக்காவும் பார்த்தாள். உடனே மரத்துக் காக்கையைத் தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு வாரமாக இதே கதைதான். ஆறாம் வகுப்புத் தங்கை இரண்டு டப்பா சாப்பிடுவாள். ஒன்பதாம் வகுப்பு அக்கா தண்ணீர் குடிப்பாள். மத்தியானம் கணக்குப் பாடத்தில் செல்வமாரிக்குக் கண் சொக்கும். டீச்சர் இரண்டு முறை எழுப்பி நிறுத்திவிட்டார்.

எல்லாம் ஒரு தீபாவளி விளம்பரத்தால் வந்த வினை. கோவில்பட்டியில் அவர்கள் பஸ் ஏறும் இடத்துக்கு எதிரே ஒரு ஜவுளிக்கடையின் பெரிய பலகை நின்றது. அதில் மயில்கழுத்து நிறத்தில் பாவாடை தாவணி கட்டிய ஒரு பெண், சைக்கிளைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். இடுப்பு ஒரு சாண்கூட இருக்காது. கைகள் பருத்திமார்க் குச்சிபோல இருந்தன.

அம்மா அதே துணியைத்தான் எடுத்துக் கொடுத்தாள். ஆனால் கடைக் கண்ணாடிக்குள் பலகைப் பெண் வரவில்லை. யோகலட்சுமிதான் நின்றாள். துணி எடுத்துக் காட்டிய கடைப்பெண், “இன்னும் கொஞ்சம் ஒல்லியா இருந்தா எடுப்பா இருக்கும்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அக்கா பேச்சைக் குறைத்தாள். சோற்றையும் குறைத்தாள்.

“தீபாவளி வரைக்கும்தான். அம்மாட்ட சொல்ல மாட்டேன்னு செண்பகவல்லி அம்மன் மேல சத்தியம் பண்ணு” என்றாள்.

செல்வமாரியும் யோசிக்காமல் பண்ணித் தொலைத்தாள். இப்போது சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். சொல்லாவிட்டால் அக்காவுக்கு என்ன ஆகும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாக்கிப் பயிற்சி நடந்தது. பந்தின் பின்னால் ஓடிய யோகலட்சுமி பாதி மைதானத்தில் மட்டையை ஊன்றி நின்றாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது.

“வெயில், சார்” என்றாள் பயிற்சி கொடுப்பவரிடம்.

வானம் மப்பும் மந்தாரமுமாகக் கிடந்தது.

தங்கள் ஊரான இடைசெவலுக்குப் போகும் பஸ்ஸில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கரிசல்காடு ஓடிக்கொண்டிருந்தது. செல்வமாரி அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். விரல் சில்லென்று இருந்தது.

வீட்டில், உளுந்துக்குக் களையெடுத்துவிட்டு வந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “இது என்னட்டி அதிசயம்? ஒரே உலையில பொங்குன சோறு. உனக்குச் சட்டை இறுக்குது, அவளுக்கு லொடலொடங்குது!”

செல்வமாரி வாயைத் திறந்தாள். சத்தியம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா குளிக்கப் போன நேரத்தில், செல்வமாரி அவளுடைய அறிவியல் புத்தகத்தை எடுத்தாள். உள்ளே அந்தக் கடையின் விளம்பரத்தாள் இருந்தது. பலகையில் இருந்த அதே படம். அதைக் கிழித்துப் போடத்தான் எடுத்தாள். அக்கா அடித்தாலும் பரவாயில்லை.

கிழிக்கப்போன கை நின்றது. சைக்கிளில் ஏதோ சரியில்லை. தாளைத் தூரப் பிடித்தாள். கிட்டப் பிடித்தாள். தன் வளையலைக் கழற்றி முன்சக்கரத்தின் மேல் வைத்தாள்.

மேலேயும் கீழேயும் வளையல் சரியாகப் பொருந்தியது. இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பின்சக்கரத்திலும் அப்படியே!

“ஏட்டி, என் புத்தகத்தை ஏன் எடுத்த?” ஈரத் தலையோடு அக்கா வந்து நின்றாள்.

“அப்புறமா திட்டு. இந்த சைக்கிள உன்னால ஓட்ட முடியுமா, சொல்லு.”

யோகலட்சுமி குனிந்து பார்த்தாள். “என்னட்டி இது? சக்கரம் கோழிமுட்டை மாதிரில்லா இருக்கு!”

“ஏறி மிதிச்சா கடக்குமுடக்குன்னுதான் போவும். படத்தை ரெண்டு பக்கமும் வச்சு நெருக்கிட்டாவ. சைக்கிளோட அந்த அக்காவும் சேந்துதான் நெருங்கியிருக்காவ. இப்படி நெருக்குனா நம்ம தொந்தி வன்னியபெருமாள் மாமாகூட ஒல்லிக்குச்சி ஆயிருவாரு!”

அக்கா சிரிக்கவில்லை. வளையலை வாங்கித் தானே வைத்துப் பார்த்தாள். எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். முடியிலிருந்து சொட்டிய தண்ணீரில் தாள் நனைந்தது.

“நெருக்காட்டியும் அவ ஒல்லியாத்தான் இருப்பா” என்றாள் கடைசியில்.

“இருக்கட்டும். ஆனா இவ்வளவு இல்லல்லா?” செல்வமாரி தயங்கினாள். “அக்கா, படத்துல இருக்க அந்த அக்காவும் இந்தப் பலகையப் பாத்திருப்பாவளா? நாம இப்படி இல்லையேன்னு அவியளும் திங்காமக் கெடப்பாவளோ? அவிய டப்பாவ யாரு தின்னுவா?”

யோகலட்சுமி நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். இறுகிய சட்டை. பயந்துபோன கண்கள்.

“உனக்கு வயிறு ரொம்ப வலிச்சுதாட்டி?”

“அது பரவால்ல. நீ மைதானத்துல உக்காந்தேல்லா, அப்பதான்…” மேலே பேச முடியாமல் அழுகை வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “நான் அம்மாட்ட சொல்ல மாட்டேன். ஆனா நாளையிலருந்து உன் டப்பாவத் தொடவும் மாட்டேன். நீ திங்காட்டி, சோறு அப்படியே வீட்டுக்கு வரட்டும். அம்மா கேட்டா நீயே பதில் சொல்லிக்க.”

அக்கா தாளை மடித்தாள். புத்தகத்துக்குள் வைக்கப் போனாள். வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். செல்வமாரி பின்னாலேயே போனாள்.

“அம்மா” என்றாள் யோகலட்சுமி. “ரெண்டு வாரமா நான் மத்தியானம் சாப்பிடல.”

சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

“நான் சொல்லலம்மா! அவளாத்தான் சொல்லுதா!” என்று செல்வமாரி அலறினாள், கண்ணை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.

விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள். அம்மா திட்டவில்லை. அக்காவின் வெளுத்த முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். அந்தத் தாளையும் பார்த்தாள். பிறகு இரண்டு தட்டை எடுத்துவைத்துச் சோற்றைப் போட்டாள்.

அக்கா ஒரு வாய் பிசைந்தாள். கையிலேயே வைத்திருந்தாள். செல்வமாரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அக்கா சாப்பிட்டாள். அடுத்த வாயும் சாப்பிட்டாள்.

“நீ ஏன்ட்டி பாத்துக்கிட்டே நிக்க? உக்காந்து தின்னு” என்றாள் அம்மா.

“எனக்கு வேண்டாம்மா” என்றாள் செல்வமாரி, வயிற்றைத் தடவிக்கொண்டே. “ரெண்டு வாரத்துக்கும் சேத்து நான் தின்னாச்சு!”